டிரைவர் கோளாறு

நான்காவது தடவையும் திரை கறுத்துப்போனபோது தணிகாசலத்துக்குக் கோபம் வரவில்லை. மணி பார்த்தார், இரண்டு பதினேழு. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்த அப்சர்வேஷன் நோட்டில் எழுதினார். ட்ரையல் நான்கு. மாற்றியது: விசிறியில் தூசி எடுத்தது. விளைவு: பதினொரு நிமிடத்தில் திரை போயிற்று. இருபத்தாறு வருடமாகப் பாலிடெக்னிக் எலக்ட்ரானிக்ஸ் லேபில் பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொல்வது இதைத்தான். ஃபால்ட் தேடும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது, இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எதனால் சரியாச்சு என்று பிரம்மாவே இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது. சனியன், எழுதி முடிப்பதற்குள் திரை தானாகத் திரும்பி வந்துவிட்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி, மூலையில் அதே பெட்டிச் செய்தியோடு. டிஸ்பிளே டிரைவர் பதில் தருவதை நிறுத்திவிட்டது, இப்போது மீண்டுவிட்டது. இங்கிலீஷில்தான் இருந்தது, டிரைவர் என்றால் திரையை ஓட்டுகிற மென்பொருள். ஆனால் அவருக்குள் தமிழில்தான் ஓடியது, தமிழில் ஓடினால் முடிவில் ஒரு விகுதி வேண்டுமே, அதில்தான் சிக்கல். நிறுத்திவிட்டது என்று படிக்கப் பார்ப்பார். நிறுத்திவிட்டார் என்று வரும். டிரைவர் பதில் தருவதை நிறுத்திவிட்டார். இப்போது மீண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் சத்துவாச்சாரி மொட்டைமாடிகளையெல்லாம் காய்ச்சிக்கொண்டிருக்க, மீண்டுவிட்ட டிரைவர் தணிகாசலம் பெட்டிச் செய்தியை மூடிவிட்டு அடுத்த வரியில் ட்ரையல் ஐந்து என்று எழுதினார்.

லேப்டாப் மகன் கிஷோருடையது. பெரிய கேம்களுக்கென்றே செய்தது, கருங்கல் மாதிரி கனம், கீபோர்டில் கலர் கலராக விளக்கு. எட்டு மாதமாக அவன் இருந்தது இதற்குள்தான். காலேஜுக்குப் போகவில்லை, தெருமுனைக்குப் போகவில்லை, காலில் கம்பி வைத்த இடம் வலிக்கிறது என்பான், டாக்டரோ கால் கூடிவிட்டது, இனி நடக்க வேண்டியதுதான் என்கிறார். ஆனால் சாயங்காலமானால் காதில் மாட்டிக்கொண்டு இதற்குள் போவான், எங்கெங்கோ இருக்கிற பையன்களோடு சேர்ந்து பனியில் ஓடுவான், சுடுவான், மாட்டிக்கொள்வான், ஏதோ ஒரு நேரம் சிரிப்பான். தணிகாசலம் சமையலறையில் பாத்திரத்தைப் பிடித்தபடி குழாயை மூடிவிட்டு அந்தச் சிரிப்பைக் கேட்பார். பதினோரு நாளைக்கு முன்னால் திரை போக ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஓடும், போகும். பையன்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். கிஷோர் ஹெட்போனைக் கழற்றி வைத்தான், சுவரைப் பார்த்துப் படுத்தான், அவ்வளவுதான், இன்னும் படுத்திருக்கிறான். நாலு நாளைக்கு முன்னால் தணிகாசலம் அவன் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார். துருப்பிடித்துப்போச்சு, வேற மாட்டணும் என்று யாரும் கேட்காமலே சொன்னார். கிஷோர் ஸ்குரூ டிரைவரையும் பார்த்தான், அவரையும் பார்த்தான், திரும்பிப் படுத்துக்கொண்டான். தாழ்ப்பாளில் துரு ஒரு பொட்டுகூட இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். காலில் வலிக்கென்று கொடுத்த மாத்திரை அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். மொட்டைமாடிச் சாவி அவர் சட்டைப் பையில். பயம் என்றால் அப்படி ஒரு பயம், குளிக்கப் போனால்கூட தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்துக்கொண்டு குளிக்கிறார். ஒரு லேப்டாப் ஓடினால் பையன் பிழைத்துவிடுவானா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஓடவைக்கத் தெரியும், அல்லது தெரிந்துகொள்ளலாம், மற்றதற்கு அவரிடம் ஒரு கருவியும் இல்லை.

ட்ரையல் ஐந்து. பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. அதற்கு முன்னால் போனில் இன்னொரு தடவை படித்தார். இதே தொல்லை வந்த யாரோ ஒருவன் பொறுமையாக எழுதியிருந்தான், படம் வரையும் சிப்பைக் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருக்கும், இருக்கிறாயா, இருக்கிறாயா என்று. இரண்டு விநாடிக்குள் பதில் வராவிட்டால் செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு அதைத் தட்டி எழுப்பும். இரண்டு விநாடி. வாத்தியார் புத்தி, உடனே மனதுக்குள் கணக்குப் போட்டார், வேண்டாம் வேண்டாம் என்று தடுப்பதற்குள் போட்டு முடித்துவிட்டது. மணிக்கு எண்பது கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு இருபத்திரண்டு மீட்டர். இரண்டு விநாடிக்கு நாற்பத்துநான்கு. எட்டு மாதத்துக்கு முன்னால் மாதனூர் தாண்டி இடது ஓரத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றுகொண்டிருந்தது, பின்னால் இரண்டு கல்லும் ஒரு வேப்பங்கொத்தும் வைத்திருந்தார்கள், நாற்பத்துநான்கு மீட்டருக்கு முன்னாலேயே அந்தக் கொத்து தெரிந்திருக்க வேண்டும். ஓசூரில் கல்யாணம், பந்தியில் மூன்று மணி நேரம் பேச்சு, வயிறு முட்டச் சாப்பாடு, பிப்ரவரி வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்துகொண்டிருந்தது. அது தூக்கம்கூட இல்லை. தூக்கம் என்றால் படுக்கை வேண்டும், கொட்டாவி வேண்டும். இது வேறு. ரோடு இருந்தது, பிறகு ரோடு இல்லை, பிறகு பின்சீட்டிலிருந்து அப்பா என்று ஒரு குரல், கண்ணைத் திறந்தால் முன்னால் முழுக்க லாரியின் பின்பலகை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். எல்லாரும் அப்படித்தான் ஒடிப்பார்கள், கை தானாகச் செய்வது, தன் பக்கத்தைத் தப்பவைப்பது. இடப்பக்கத்தில் தமயந்தி உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி, இருபத்திரண்டு வருடம், கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பையை மடியில் வைத்தபடி.

துடைக்கும் மென்பொருள் வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். கம்ப்யூட்டர் தனக்கு நேர்ந்த ஒவ்வொரு மயக்கத்தையும் தானே எழுதி வைத்திருந்தது, தேதி, மணி, நிமிடம், விநாடி, என்ன செய்துகொண்டிருந்தபோது, எது பதில் தரவில்லை. பதினோரு நாளில் அறுபத்து மூன்று. ஒன்றைக்கூட மறைக்கவில்லை, மழுப்பவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, ஒரு இயந்திரத்தின் முன்னால் வெட்கமாக இருந்தது. அவருடைய மயக்கத்துக்குப் பதிவு என்று ஒன்று உண்டென்றால் அது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு போலீஸ்காரர் தொடை மேல் காகிதம் வைத்து எழுதியது. எதனா குறுக்க வந்துச்சா சார் என்று எழுதுகிறவர் கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்வி, அதில் அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. தணிகாசலம் சட்டையில் தமயந்தியின் ரத்தத்தோடு நிமிர்ந்து பார்த்து, நாய் என்றார். என்ன நாய் என்று கேட்டிருந்தால் நிறம்கூடச் சொல்லியிருப்பார். செவலை. அவ்வளவு சீக்கிரம் அது அவருக்குள் வந்து நின்றுவிட்டது. முதல் வருடப் பையன் ஒருவன் கிராஃபை முதலில் வரைந்துவிட்டு அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னால் போட்டுக்கொண்டு வந்தபோது அந்த ரெக்கார்டை ஜன்னல் வழியாக விட்டெறிந்தவர் இவர். ரிசல்ட்டுக்கு ஏத்த ரீடிங் போடறியா, உன்னை நம்பி ஒருத்தன் கரண்டுல கை வைப்பான் தெரியுமா என்று கத்தியவர் இவர். அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ, இருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்து அந்த நாயைக் காட்டலாம்.

ஆனால் நாய் கெடுத்தது ஒன்றுமில்லை, நாயை யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கெடுத்தது வேறு. மூன்றாம் நாள் தமயந்தியின் தங்கை சுமதி ஆஸ்பத்திரி கேன்டீனில் டீயை ஆற்றியபடி மெதுவாகச் சொன்னாள். மாமா, கிஷோர் என்னென்னமோ பேசறான், போன்ல ஏதோ வீடியோ காட்டறதுக்கு அப்பான்னு கூப்பிட்டானாம், நீங்க திரும்பிப் பாத்தீங்களாம், அதுக்குள்ள மோதிடுச்சாம், நான்தான் சித்தி அம்மாவைக் கொன்னுட்டேன்னு அழறான், நீங்க கொஞ்சம் சொல்லுங்க மாமா. அவர் சொல்லியிருக்க வேண்டும். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயம். அவர் செய்தது என்னவென்றால் தலையை ஆட்டினார். பார்த்துக்கிறேன்மா என்றார். அன்று சாயங்காலம் பையனின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உன்னால ஒண்ணும் இல்லடா, நடந்தது நடந்துபோச்சு என்றார். அவன் நம்பவில்லை. எப்படி நம்புவான், குற்றம் செய்தவனைத் தேற்றுகிற குரலில் சொன்னால் எவன் நம்புவான். அன்றிலிருந்து அவன் அந்த வார்த்தையைச் சொல்வதே இல்லை. முதலில் அவருக்குப் புரியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவான். கூப்பிட வேண்டுமென்றால் விரல் முட்டியால் கட்டில் சட்டத்தில் டொக் டொக் என்பான். பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவான். மாதம் ஒன்று ஆன பிறகுதான் ஒருநாள் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உறைத்தது, அப்பா என்ற சொல்லை அவன் வாயிலிருந்தே எடுத்து எறிந்துவிட்டான், ஒரு தடவை சொன்னதற்கு அம்மா போய்விட்டாள் என்று நினைக்கிறான். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அப்போதும் அவர் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று நூறு விதமாக ஓட்டிப் பார்த்தாயிற்று, எல்லாவற்றிலும் கடைசியில் கிஷோர் பையை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு சுமதி வீட்டுக்குப் போகிறான், இந்த வீட்டில் அவர் மட்டும் ஒற்றைத் தட்டில் சாப்பிடுகிறார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார், தாழ்ப்பாள் இல்லாத கதவு வழியாக.

ட்ரையல் ஐந்து தோற்றது, மூன்று மணி ஐந்து. எழுதும்போதுதான் பார்த்தார், வைஃபையை நிறுத்த மறந்திருக்கிறார், அவர் ஒரு டிரைவரைப் போட்டுக்கொண்டிருந்தபோதே கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு இன்னொன்றை இறக்கிப் போட்டிருக்கிறது. இரண்டு மாற்றம். இந்த ட்ரையல் செல்லாது என்று குறுக்கே கோடு போட்டார். ட்ரையல் ஆறு, வைஃபை நிறுத்திவிட்டு, அதே புது டிரைவர். பனிக்காடு வந்தது, துப்பாக்கி வைத்த சிப்பாய் ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். அவருக்கு விளையாடத் தெரியாது, நிற்கவைத்தால் போதும், ஓடுகிறதா என்று பார்க்கத்தான். சிப்பாய் மூச்சுவிட்டான், வாயிலிருந்து புகை வந்தது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. சாப்பாட்டை மாற்று, பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்காமல் எழுந்திருந்தால். கிளம்பிய நேரத்தை மாற்று. ஆம்பூர் தாண்டி டீக்கடை ஒன்று வந்தது, அதை மாற்று. அங்கேதான் தமயந்தி கேட்டாள், தூக்கம் வருதா, நிறுத்திக் குடிச்சிட்டுப் போலாமா. அவர், இல்ல, வீட்டுக்கே போயிடலாம் என்றார். இவ்வளவு சின்ன ஒரு இல்ல. எந்தப் பகுதியை மாற்றினாலும் அவள் பிழைக்கிறாள், எல்லா ட்ரையலிலும் பிழைக்கிறாள், அதுதான் தாங்க முடியவில்லை, எந்த ஒன்றை மாற்றியிருந்தாலும் போதுமானதாக இருந்திருக்கிறது. மாற்றவே கூடாதது ஒன்றுதான், பின்சீட்டுக் குரல். அதை எடுத்துவிட்டு ஓட்டினால் கண் திறப்பதில்லை, கார் நேராகப் போய் லாரிக்கு அடியில் நுழைகிறது, மூன்று பேரும் போகிறார்கள். பையன் கூப்பிட்டதால்தான் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இதை எட்டு மாதமாகத் தெரிந்து வைத்திருக்கிறார். பனிக்காடு கறுத்தது. பதினான்கு நிமிடம்.

ட்ரையல் ஏழை ஆரம்பிக்கும்போது தனக்குள் ஒரு ஆசை இருப்பதை அவர் கவனித்தார், கவனித்ததும் வாய் கசந்தது. இது டிரைவராக இருக்கக் கூடாது, போர்டாக இருக்க வேண்டும். லேப்டாப்பும் அன்று காரில்தான் இருந்தது, பையில், கிஷோரின் காலடியில். மோதிய அதிர்ச்சியில் சிப்புக்கு அடியில் ஏதாவது ஒரு ஈயப்பற்று மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம், சூடு ஏற ஏற விலகியிருக்கலாம், அப்படியென்றால் இதுவும் அடிபட்டது, யாரும் ஒன்றும் செய்ய முடியாது, மூடி வைத்துவிட்டு நடந்தது நடந்துபோச்சு என்று சொல்லிவிடலாம். அந்த வாக்கியம் அவருக்கு நன்றாகப் பழகியிருக்கிறது. இருந்தாலும் கை தன் ஒழுங்கை விடவில்லை. சேஃப் மோடில் போய் டிரைவரைத் துடைத்தார், வைஃபை நிறுத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார், லேப்டாப் வாங்கியபோது இருந்த பழைய டிரைவரைத் தேடி பென்டிரைவில் வைத்திருந்ததைப் போட்டார். வேறு எதையும் தொடவில்லை. மூன்று இருபத்தெட்டு. சிப்பாய் பனியில் வந்து நின்றான். பத்து நிமிடம். பதினான்கு. இருபது. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பார்த்தார், கண்ணைக் கொட்டினால்கூட போய்விடுமோ என்று பார்த்தார். சிப்பின் சூடு எழுபத்தொன்பது டிகிரி, எண்பத்தொன்று, அதற்கு மேல் ஏறவில்லை. எதிர்வீட்டில் குக்கர் கத்தியது, கீழே ஐஸ் வண்டி போயிற்று, உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது, உடனே உடம்பு முழுக்கக் காதானது, பிறகு அவன் புரண்டு படுத்ததுதான் என்று தெரிந்து மூச்சு வந்தது. நாலரைக்கும் சிப்பாய் நின்றுகொண்டுதான் இருந்தான். போர்டு நல்ல போர்டு. அதற்கு அடியே படவில்லை. பேனாவை எடுத்தார். விளைவு: ஒரு மணி நேரம், திரை போகவில்லை. அதற்குக் கீழே முடிவு என்ற இடத்தில் எழுத வேண்டியது ஒன்றுதான், ஃபால்ட் டிரைவரில். எழுதினார். அவருடைய கையெழுத்து வழக்கம்போல அழகாக இருந்தது.

மேசையில் டொக் டொக் என்று கேட்டது. கிஷோர் வந்து நின்றுகொண்டிருந்தான், பதினோரு நாள் தாடியோடு, கசங்கிய டி-ஷர்ட்டோடு, உடம்பின் கனத்தை இடது காலில் போட்டபடி. பத்தொன்பது வயதுக்கு அந்தக் கண்ணுக்குக் கீழே அவ்வளவு கருப்பு இருக்கக் கூடாது. திரையைப் பார்த்தான். எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று கேட்டான். ஒரு மணி நேரமாக என்றார். அவன் முகத்தில் ஏதோ லேசாக அசைந்தது, சந்தோஷம் என்று சொல்ல முடியாது, சந்தோஷம் ஒரு காலத்தில் குடியிருந்த இடம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“என்ன பிராப்ளம்?”

“டிரைவர்தான்” என்றார் தணிகாசலம். அதோடு நிறுத்தியிருக்கலாம். பையன் உட்கார்ந்திருப்பான், காதில் மாட்டியிருப்பான், இன்று சாயங்காலம் சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கும், நாளைக்கும் கேட்டிருக்கும், அப்புறம் ஏதோ ஒருநாள் கேட்காமல் போயிருக்கும். “டிரைவர் தூங்கிட்டான்” என்றார்.

கிஷோர் புரியாமல் பார்த்தான்.

“அன்னிக்கி. மாதனூர்ல. நான் திரும்பிப் பாக்கலடா. நீ கூப்பிட்டதுக்கு முன்னாடியே நான் தூங்கிட்டேன். நீ கூப்பிட்டதுலதான் முழிச்சேன். நீ கூப்பிடலன்னா மூணு பேரும் போயிருப்போம்.”

அவ்வளவுதான். எட்டு மாதம் நெஞ்சில் கிடந்தது, சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. கிஷோர் நாற்காலியில் உட்கார்ந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தார், அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவனோ லேபில் பையன்கள் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டான். போலீஸ் காகிதத்தில் நாய் வந்தது என்று எழுதியிருக்கிறதே என்றான். நாய் வரவில்லை என்றார். சித்திக்குத் தெரியுமா என்றான். யாருக்கும் தெரியாது என்றார். பிறகு நகத்தை நகத்தால் கீறினான்.

“நான்தான் கொன்னேன்னு நான் நெனச்சிட்டிருந்தது... அது உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது, செவலை நாய் மாதிரியே, கூப்பிடாமலே வந்து நின்றிருந்தது. அதைச் சொன்னால் அவர் தூங்கியவர் மட்டும்தான். மனிதன் தூங்குவான், மன்னித்துவிடலாம். சொல்லாவிட்டால் என்ன ஆவார் என்பதற்கு அவருக்குப் பெயர் தெரியவில்லை.

“தெரியும்” என்றார். “மூணாம் நாளே தெரியும்.”

கிஷோர் எழுந்தான். அவரைப் பார்க்கவில்லை, லேப்டாப்பையும் பார்க்கவில்லை. சுவரைத் தொட்டுத் தொட்டு உள்ளே போனான், கதவைச் சாத்தினான், தாழ்ப்பாள் இல்லாததால் கதவு திரும்பத் திறக்கப் பார்த்தது, அதன்மேல் அவன் முதுகை வைத்துச் சரிந்து தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. தணிகாசலம் ஓடிப்போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார், கையை வைத்தார், தள்ளத் துணிச்சல் வரவில்லை. உள்ளே அவன் போன் போடுகிற சத்தம். சுமதி எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. முதலில் மூச்சுதான் கேட்டது, அப்புறம் உடைந்து, பத்து வயதுப் பிள்ளையின் குரலில் பேச்சு வந்தது.

“சித்தி, நான் இல்ல. அம்மா போனது என்னால இல்ல சித்தி. அவரு தூங்கிட்டாராம். நான் இல்ல.”

அழுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரு தடவைகூட இப்படி வாய்விட்டு அழுததில்லை. வலியில் அழுகிற அழுகை அல்ல இது, அவருக்குத் தெரிந்தது. முதுகிலிருந்து மூட்டையை இறக்கியவன் விடுகிற மூச்சு. பையனைக் காப்பாற்றத் தாழ்ப்பாளைக் கழற்றினார், மாத்திரையைப் பூட்டினார், மொட்டைமாடிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார், கொடுக்க வேண்டிய ஒரு வாக்கியத்தை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவனை இத்தனை நாளும் கொன்றுகொண்டிருந்தது யார் என்று இனி யாரும் தேட வேண்டியதில்லை. கூட்டிட்டுப் போ சித்தி, இன்னிக்கே வா என்று உள்ளே அவன் சொன்னான். அதற்கப்புறம் போனில் மறுபக்கம் சித்தி இருக்கிறாளா, நம்பினாளா, என்ன கேட்கிறாள் என்றுகூடக் கவனிக்காமல், நான் இல்ல, நான் இல்ல என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.